கேத்தலோடு ஒட்டிய காக்கா

சவூதியில் வேலை செய்த என் மூத்த சகோதரர், அதாவது காக்கா, லீவில் கல்முனைக்கு வந்தபோது சின்னப் பசைக்குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். "இது பேட்டன்ட் எடுத்த சாமான், ஒட்டினா ஒட்டினதுதான்" என்று வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார்.

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், உம்மா தேநீர் ஊற்றும் பீங்கான் கேத்தலின் கைப்பிடி உடைந்துவிட்டது. காக்கா பசையைப் பிதுக்கிப் பிடியைப் பொருத்தி அழுத்திக்கொண்டு நின்றார். பிடி ஒட்டியது. கூடவே அவருடைய விரல்களும் ஒட்டிக்கொண்டன.

"உம்மா, கை கழருதில்ல."

"பகிடி உடாத மகன், ஆக்கள் வந்திட்டாங்க!"

வேறு வழியில்லாமல் உம்மா அந்தக் கேத்தலிலேயே தேநீரை நிரப்பினார். காக்கா போய் எல்லோருக்கும் ஊற்றினார்.

மாப்பிள்ளையின் உம்மா வியந்துபோனார். "ஆம்புளப் புள்ள தேத்தண்ணி ஊத்துற ஊட்ட இப்பதான் காண்றன். அதக் கீழ வெச்சிட்டு இரிங்க மகன்."

"வெக்கேலாது மாமி" என்று காக்கா நடந்ததைச் சொன்னார்.

திரைக்குப் பின்னால் நின்ற நான் அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உம்மா என்னை முறைத்தார். ஆனால் மாப்பிள்ளையின் உம்மா என்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு விஞ்ஞான ஆசிரியை நகப்பூச்சு அழிக்கும் போத்தலோடு ஓடிவந்தார். "இதில அசற்றோன் இருக்கு, பசையை இளக்கும்" என்று துளித்துளியாக விட்டார். விரல்கள் விடுபட்டன, பிடியும் கழன்று விழுந்தது.

போகும்போது மாப்பிள்ளையின் உம்மா என் கன்னத்தைத் தடவினார்.

"என்ட மகன இந்த ஊட்டுக்குத்தான் தாறன். சிரிச்சிட்டு இரிப்பான்."