ஐ கோ அண்ட் கம்

போன வருடம் பங்குனி மாதம். கீரனூரில் வாடகைக்கு ஓர் ஆட்டோ எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவளத்தில் ஹோட்டலில் தட்டு கழுவும் வேலை என்று பல ஊர் சுற்றியாகிவிட்டது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. இங்கிலீஷ் கொஞ்சம் வரும். அது கோவளத்தில் பொறுக்கியது. அங்கே வந்த வெள்ளைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் 'பீஸ் ஆஃப் கேக்' என்பார்கள். கேக்குக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று சமையல்காரரைத் துளைத்தெடுத்தேன். சுலபமான வேலை என்று அர்த்தமாம். நாம் 'அல்வா சாப்பிடுற மாதிரி' என்கிறோமே, அதுதான். அன்றிலிருந்து இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் விடமாட்டேன்.

ஒரு நாள் காலை, அறுபது வயது மதிக்கத்தக்க வெளிநாட்டு அம்மா ஒருவர் நார்த்தாமலைக்குப் போக என் ஆட்டோவில் ஏறினார். அடிவாரத்தில் இறக்கிவிட்டேன். கோயில் மேலே, வழியெல்லாம் மொட்டைப் பாறை. ஏறிவிடுவீர்களா என்று சைகையில் கேட்டேன். 'பீஸ் ஆஃப் கேக்' என்றார். புரிந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். கும்பிட்டுவிட்டு, 'ஐ கோ அண்ட் கம்' என்று சொல்லிக் கிளம்பினேன். நம் பக்கம் யாரும் வெறுமனே 'போறேன்' என்று சொல்ல மாட்டார்களே.

சாயங்காலம் டீக்கடையில் இன்னொரு ஆட்டோக்காரர் கேட்டார்.

"காலையில ஏத்திட்டுப் போனியே தம்பி, அந்தம்மா எங்க?"

"பஸ் புடிச்சுப் போயிருக்கும்ணே."

"மலைக்கிட்ட ஏதுடா பஸ்ஸு இந்நேரம்? நீ என்ன சொல்லிட்டு வந்த?"

"போயிட்டு வாரேன்னு இங்கிலீசுல சொன்னேன்."

"வெளங்கிரும்! அப்ப அங்கிட்டேதான் ஒக்காந்திருக்கும். ஓடு."

பாதி டீயை வைத்துவிட்டு ஆட்டோவை விரட்டினேன். அந்த வெயிலில் பாறை எப்படிக் கொதிக்கும் என்பதே வழியெல்லாம் நினைப்பாக இருந்தது.

அடிவாரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெந்து சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டில் காலி. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, காருல வந்தவுக எம்புட்டோ கூப்பிட்டுப் பாத்தாக. இந்தம்மா ஆட்டோ வரும், ஆட்டோ வரும்னு கையக் காட்டிக்கிட்டு நகர மாட்டேன்னுருச்சு. ஒனக்கு மனசாட்சி இருக்கா?"

ராத்திரி திருச்சியில் ரயில் வேறு இருக்கிறது என்று அந்த அம்மா டிக்கெட்டைக் காட்டினார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: எங்கள் ஊரில் செத்தவர்தான் போவார், உயிரோடு இருப்பவர் போய்விட்டு வருவார், அதனால்தான் அப்படிச் சொல்வோம் என்று. அவர் கோபப்படவில்லை. தமிழில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு, மெயின் ரோடு வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ரயிலைப் பிடிக்க நேரம் இருந்தது. திருச்சி பஸ்ஸை நிறுத்தி ஏற்றினேன். ஏறும்போது 'சீ யூ லேட்டர்' என்றார். 'வென்?' என்றேன். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். படியில் நின்று விழித்தவர் சிரித்துவிட்டார். அதுவும் சும்மா வழக்கம்தானாம். பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போயிட்டு வாரேன்" என்று கத்தினார்.

திரும்பும்போது கீரமங்கலத்தில் இருக்கும் என் அக்கா நினைவு வந்தது. அவளிடமும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு இரண்டு தீபாவளி கழிந்துவிட்டது. மறுநாளே பஸ் ஏறினேன். வாசலில் என்னைப் பார்த்த அக்கா ஆச்சரியப்படவே இல்லை. "வாரேன்னுதானேடா சொல்லிட்டுப் போன" என்றபடி உள்ளே போய், உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள்.

இப்போதும் ஊர் ஊராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் எங்கிருந்து கிளம்பினாலும், அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன், அதை நம்பி உட்கார்ந்திருக்கப் போகிறவரோ என்று.