மண்ணுக்குள் விரிந்த வாணம்

கடப்பாரையை ஓங்குமுன் முருகேஸ்வரி தரையில் ஒரு செம்புத் தண்ணீர் தெளிக்கிறார். அப்படியும் இரும்பு நங்கென்று கல்லில் பட்டுவிட்டால், கையை உதறிக்கொண்டு நாலு எட்டு பின்னால் போய்விடுவார். "ஒரு பொறி போதும்" என்பார், யாரும் கேட்காமலே. நிற்பது வெம்பக்கோட்டைக் கரிசல் காடு, மழையை நம்பி விதைக்கும் நிலம். வெடிமருந்து ஏதும் அங்கே இல்லை. ஊர்க்காரர்கள் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் பழகிய உடம்புக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

பக்கத்து அறை வெடித்த மாதத்தோடு ஆபீஸுக்கு முழுக்குப் போட்டார். மருந்து அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அங்கே சட்டம். இப்போதும் மளிகைக்கடைக்குள் நுழையுமுன் ஷட்டரைத் தொடுகிறார். தீப்பெட்டியைத் தொடுவதில்லை. வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது புருஷன் வேலை.

உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தூக்குச்சட்டியும் கையுமாக வரப்பில் நடப்பார். சீமைக்கருவேல முளை கண்ணில் பட்டால் எச்சில் கையோடு பிடுங்குவார். அவருடைய அப்பா காலத்துக்குப் பிறகு விதைப்பே விழாமல், நாய்கூட நுழைய யோசிக்கிற அளவுக்கு முள் மண்டிய நிலம் அது.

முதல் வேரை முழுசாக உருவிய அன்று அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாராம். "நாங்க மேல விரியவிட்ட வாணமெல்லாம் இங்கன கீள விரிஞ்சு கெடக்கு" என்கிறார். அதுவரை கோலத்தைத் தவிர எதையும் வரைந்தறியாதவர், அன்றிலிருந்து பிடுங்குகிற வேரையெல்லாம் வாடுமுன் வரைகிறார். தாள், அச்சாபீஸில் கழித்த பட்டாசு லேபிள். முன்பக்கம் நிறம் பிசகிய மயில், பின்பக்கம் வேர். கரித்துண்டு, பக்கத்துக் காட்டில் மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் செல்லச்சாமியிடம் வாங்கியது. முருகேஸ்வரிக்குக் கொழுந்தன் முறை.

"கரி வேணும், தீ வேணாம்னா எப்படி மதினி?"

"நீங்க வச்சாக் கரி, நான் வச்சாச் சாம்பல், கொளுந்தனாரே."

நிலம் அண்ணன் ராஜபாண்டியன் பெயரில் இருக்கிறது. ஒரு பட்டாசுக் கம்பெனி அதைக் கேட்கிறது. பாதுகாப்புக்காக ஷெட்டுகளைச் சுற்றிக் காலியிடம் காட்ட வேண்டுமாம்; உழவு கூடாது, ஒரு மரம் கூடாது. இந்தப் புரட்டாசியிலும் விதைப்பு விழாவிட்டால் கொடுத்துவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டார். "காடு சும்மா கெடந்தாப் போதும்ங்கான் கம்பெனிக்காரன். நீ எதுக்குத்தா முள்ளுக்குள்ள கெடந்து சாகுற?"

விடிந்தால் உழவு டிராக்டர் வருகிறது. வெட்டிய முள்ளும் வேரும் நடுக்காட்டில் அம்பாரமாகக் கிடக்கின்றன. கொளுத்தித் தருவதாகச் சொல்லியிருந்த செல்லச்சாமி, கரி லோடோடு சாத்தூரில் மாட்டிக்கொண்டார். போனில் அவர் சிரிக்கவில்லை. "வர இருட்டிரும் மதினி. என் குடிசையில தீப்பெட்டி இருக்கு. நீங்களே வச்சிருங்க."

மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்தால் முள் எரியாது. முள் கிடந்தால் டிராக்டர் இறங்காது. முருகேஸ்வரி படங்களைத் தூரக் கொண்டுபோய்க் கல்லடியில் வைத்தார். செல்லச்சாமியின் குடிசையில் தீப்பெட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அம்பாரத்தைச் சுற்றி வந்தார். மறுபடி சுற்றினார். மருந்து அறைக்குள் போவதுபோல வளையல்களைக் கழற்றினார், செருப்பை விட்டார். வலதுகை இல்லாத செம்புத் தகட்டைத் தேடிக் காற்றில் நீண்டு, மடங்கியது.

குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கரிசலில் அழுத்தி வைத்தார். எழுந்து, மண்ணைத் தட்டாமலே தீக்குச்சியை உரசினார்.