நான்கு பேரும் மாமாவும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, சரளமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அம்மாவுக்குப் பல் வலித்தால் வைத்தியருக்கு முன்னால் வாயைத் திறப்பவர் அம்மா, வலியைச் சொல்பவள் நான். அப்பாவுக்கு வரும் அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவங்களில் எந்தக் கட்டத்துக்குள் புள்ளடி போடுவது என்று தீர்மானித்தவளும் நான்தான். பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு என்னைப் பற்றி ஆசிரியை குறை சொன்னபோது, அதையும் நானே மொழிபெயர்த்தேன். அந்த ஒன்றை மட்டும் எரிச்சல்படாமல், கொஞ்சம் திருத்திச் செய்தேன்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவர். அம்மா மூன்றாம் வகுப்பு. எங்கள் பரம்பரையில் புத்தகப்பையைக் கடைசிவரை சுமந்தவள் நான்தான் என்பதை இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்லிக்கொள்கிறேன். பத்து வயதில் அந்தத் தலைக்கனம் இன்னும் அதிகம்.

ஜெர்மனியில் பீலெஃபெல்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் போனால் வருகிற சிறு பட்டணம் எங்களுடையது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி அரை நாள் போக வேண்டும். ஆனாலும் பூங்காவின் நடுவில் ஒரு பெரிய நங்கூரத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கப்பலில் போய்க் கரையிறங்கிச் சண்டையிட்ட கடற்படைச் சிப்பாய்களில் இந்த ஊர்க்காரர்கள் பலர் இருந்தார்களாம். நங்கூரத்தைச் சுற்றி மூன்று கற்கள். ஒன்றில் நூறு வருடத்துக்கு முன் சீனாவுக்குச் சண்டைக்குப் போய் இறந்தவர்கள், மற்ற இரண்டிலும் இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்கள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி அந்தப் பெயர்களை வாசிக்கும். பிறகு பழைய கடற்படைக்காரர்களின் சங்க அறையில் கோப்பி கொடுப்பார்கள். அந்த அறையை வெள்ளிக்கிழமைகளில் கூட்டித் துடைப்பது அம்மாவின் வேலை.

முந்தின வருடம் கோப்பி ஊற்ற அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நகரபிதா நீளமாகப் பேசினார். என்ன சொல்கிறார் என்று அம்மா என் கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கால் விறைத்துப் போயிருந்தது. “எல்லாச் சண்டையிலையும் செத்த எல்லாச் சனத்தையும் நினைக்கினமாம்” என்று முழுப் பேச்சையும் ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

அந்த ஒரு வரியை அம்மா ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தார்.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். இலங்கையில் போராளி இயக்கத்துக்குப் போய், ஒரு நாள் அவர்களுடைய படகில் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மா ‘தம்பி’ என்பார், அப்பா ‘மச்சான்’ என்பார், எனக்கு அவர் மாமா.

அடுத்த ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, சங்க அறையில் பித்தளைத் தகடுகளை மினுக்கிக்கொண்டிருந்த அம்மா துணியைக் கீழே வைத்தார்.

“பிள்ளை, அந்தச் சங்கத் தலைவர் ஐயாவிட்டைக் கேள், தம்பியின்ரை பேரையும் வாசிப்பினமோ எண்டு.”

“அம்மா, உங்களுக்கு விசரே? அது அவையின்ரை ஆக்கள்.”

“நீதானே போன வரியம் சொன்னனி, எல்லாச் சனத்தையும் நினைக்கினம் எண்டு.”

“அது பேச்சு அம்மா! பேச்சிலை அப்பிடித்தான் சொல்லுவினம்.”

“சீனாவிலை செத்தவனை வாசிக்கினம். சீனா என்ன, இவையின்ரை காணியே?”

 சரியான கேள்வி கேட்டால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வரும்.

“தமிழ் மண்டபத்திலை இயக்கத்து ஆக்களின்ரை பேரை வாசிப்பினம்தானே, அங்கை போய்க் கேளுங்கோவன்.”

“அங்கை இயக்கப் பேரைத்தான் வாசிப்பினம். அது ஆரோ வைச்ச பேர். இஞ்சை பார், இவை பெத்த தாய் வைச்ச பேரையெல்லோ கல்லிலை வெட்டி வைச்சிருக்கினம்.”

சொல்லிக்கொண்டே, என் கணக்குக் கொப்பியில் கிழித்த ஒரு தாளை ஏப்ரனுக்குள்ளிருந்து எடுத்தார். நான்காக மடித்திருந்தார். பேரை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்! கையெழுத்தைத் தவிர வேறு எதையும் அம்மா எழுதி நான் கண்டதில்லை. அதைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை. என் கொப்பியைக் கிழித்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

தலைவர் உள்ளே வந்தார். வெள்ளைத் தாடி, சுருட்டு மணம், எங்களோடு கதைக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் செவிடருக்குச் சொல்வது போல உரத்துச் சொல்லும் பழக்கம். அம்மா நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தார். தலைவரும் என்னைப் பார்த்தார். ஊர் முழுக்க எங்களைப் பார்த்துச் சிரிக்கப் போகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

நான் டொச்சில் சொன்னேன்: “அன்றைக்குச் சாப்பிட ஏதாவது செய்துகொண்டு வரலாமா என்று அம்மா கேட்கிறார்.”

தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. ஓம், ஓம், அது எங்களுக்குப் பெருமை அல்லவா என்றார். அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். அம்மா தாளை நீட்டினார். இது என்ன என்று அவர் கேட்க, சமையற்குறிப்பு என்றேன். அவர் விரித்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் விளங்காவிட்டாலும் பக்தியோடு பார்த்தார். மறுபடி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் மேல் இரண்டு தரம் தட்டினார்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

“என்னவாம்?”

“ஓமாம்.”

“வேறை என்ன சொன்னவர்?”

“பெருமையாம்.”

இரண்டுமே அவர் சொன்ன சொற்கள்தான். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே நல்ல டொச்சில் விளக்கம் கொடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு விஷயம் இன்னும் சுலபமாக முடிந்தது. நான் வாய் திறக்க முன்பே அம்மா, அப்படியான நாளில் வெறுங்கையோடு போக ஏலாது, அறுபது மீன் ரோல்ஸ் செய்ய வேண்டும் என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த வருடம் பெயர்களை வாசிக்க எங்கள் வகுப்பிலிருந்து நன்றாக வாசிக்கும் நான்கு பிள்ளைகளை ஆசிரியை தெரிந்தெடுத்தார். ஆளுக்கு நான்கு பெயர்கள். தெரிந்தெடுத்தவர்களில் கறுப்புத் தலைமயிர் என்னுடையது மட்டும்தான். வீட்டுக்கு ஓடி வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னேன். அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

“நீயே வாசிக்கப் போறாய்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இஞ்சாருங்கோ,” என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டார், “தம்பியின்ரை பேரை இவள்தான் வாசிக்கப் போறாளாம்!” அப்பா பாண் சுடும் தொழிற்சாலையில் ஞாயிறு வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தார். கலியாணத்துக்குப் போட்ட கோட்டை எடுத்துப் பல்கணியில் காற்றாட விட்டார். அம்மா ஒவ்வொரு பின்னேரமும் என்னை நிற்க வைத்து, வாசித்துக் காட்டு என்றார். நான் அந்த நான்கு ஜெர்மன் பெயர்களையும் வாசிப்பேன். பிறகு மற்றதை அன்றைக்குத்தான் சொல்ல வேண்டுமாம் என்று சமாளிப்பேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இத்தனை வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அம்மா மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எதற்காக இந்த மனுஷி நான் சொல்வதை எல்லாம் இப்படி நம்புகிறார்?

சனிக்கிழமை ஒரு வழி தோன்றியது. நான்கு பேரோடு ஐந்தாவதாக நானே சொல்லிவிட்டால் என்ன? ஒரு விநாடி வேலை. அம்மாவுக்குக் கேட்டால் போதும். ஜெர்மன்காரர்கள் அதையும் யாரோ ஒரு சீனப் போர்க்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. மாமாவின் பேர் எனக்குத் தெரியாது என்பதுதான் குறை.

சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவிடம் போனேன்.

“அப்பா, மாமாவின்ரை பேர் என்ன?”

அப்பாவின் கை நின்றது. “ஏன், கொம்மா எழுதித் தந்தவதானே?”

“அது தலைவர் ஐயாவிட்டை இருக்கு. சும்மா சொல்லுங்கோவன்.”

“கொம்மாட்டைக் கேள். இயக்கப் பேர்தான் என்ரை வாயிலை வருது, அதைக் கொண்டுபோய் அங்கை சொல்லிப்போடாதை” என்றவர் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அம்மாவிடம் கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். கேட்கவில்லை.

ஞாயிறு தூறிக்கொண்டிருந்தது. அம்மா பட்டுச்சேலைக்கு மேல் குளிர் ஜக்கெற்றும் கீழே சப்பாத்துமாக, கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பைக்குள் மாமாவின் படம் இருந்தது. நான் நேரே தலைவரிடம் ஓடினேன். அம்மாவின் சமையற்குறிப்பைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றேன். அவர் சிரித்தார். அதை அவருடைய மனைவி வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாராம். எழுத்துகள் குட்டிக் குட்டி பிறெட்செல் முறுக்குகள் போல அழகாக இருக்கின்றனவாம். ஒருநாள் நான் வந்து விளங்கப்படுத்த வேண்டுமாம்.

என் முறை வந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு பெட்டியில் ஏறி நின்றேன். நான்கு பெயர்களையும் ஒரு பிழையில்லாமல் வாசித்தேன். இறங்கியிருக்க வேண்டும். மூன்றாம் வரிசையில் அம்மா கைப்பையைத் திறந்து படத்தைப் பாதி வெளியே எடுத்துவிட்டார். படத்துக்குக் கேட்கட்டும் என்பது போல அதை என் பக்கம் திருப்பியும் பிடித்தார். இனி என்ன செய்வது? வாயில் இருந்தது ஒன்றுதான். அந்தத் தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து, மற்றதை டொச்சில் சொன்னேன்.

“என் மாமாவும்.”

கூட்டம் அப்படியே நின்றது. அவர்கள் மொழியில் ‘மாமா’ என்றால் அம்மா. நான் என் அம்மாவை இறந்த சிப்பாய்களோடு சேர்த்துவிட்டேன். அந்த அம்மாவோ பட்டுச்சேலையோடு மூன்றாம் வரிசையில் நிற்கிறார். தலைவர் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். கீழே இறங்கியதும் ஆசிரியை என் காதுக்குள் சொன்னார்: ஒன்று, உன் அம்மா உயிரோடு இருக்கிறார். இரண்டு, அது பெண்பால், நீ ஆண்பாலில் சொல்லிவிட்டாய். என் டொச்சில் அவர் பிழை பிடித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் பிழை இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அறுபது ரோல்சும் கால் மணித்தியாலத்தில் முடிந்தன. பாராட்டு எல்லாம் அம்மாவுக்கு. ஒரு கிழவி அம்மாவைக் கட்டிப்பிடித்து, நீ நீண்ட காலம் வாழ வேண்டும் என்று கண்ணீர் விட்டாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும். அம்மா வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார்.

“மாமா எண்டு சொன்னாய். அவனுக்கு ஒரு பேர் இல்லையே?”

“எனக்குத் தெரியாதே! நீங்கள் ஒருக்காலும் சொன்னதில்லை!”

“எழுதிக் குடுத்தனே?”

“அது பிறிட்ஜிலை இருக்கு.”

“எந்தப் பிறிட்ஜிலை?” என்றார் அப்பா.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாடு, சமையற்குறிப்பு, பிறெட்செல் எல்லாம். அம்மா அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அம்மா அடிக்கவில்லை. தட்டைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, காதுக்குள் அல்ல, சாதாரணக் குரலில், மாமாவின் பேரைச் சொன்னார்.

அப்பா சட்டென்று எழுந்து தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

போன வருடம் அப்பாவின் ஓய்வூதிய அன்ட்ராக்குக்காகப் பழைய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் அகதி விசாரணையின் பிரதி கிடைத்தது. எத்தனை சகோதரர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஒருவரும் இல்லை என்று பதில். இயக்கத்துக்குப் போன தம்பி ஒருவர் இருந்தார் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கீழே, மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில், அம்மாவின் ஒப்பம். எங்கள் வீடு, அப்பாவின் வேலை, என் பள்ளிக்கூடம் எல்லாமே அந்த வரியின் மேல்தான் நின்றிருக்கின்றன. எங்களுக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைத்தது அந்த ஒக்டோபரில்தான். அது கையில் கிடைத்த பிறகுதான் அம்மா என் கணக்குக் கொப்பியைக் கிழித்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு சின்னப் பேர், நான்கே எழுத்து, இதைச் சொல்ல இத்தனை வருடமா என்று எரிச்சல்தான் வந்தது. அப்பா இன்னும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கும் ஒரு சத்தம் போட்டேன்.

“சும்மா சும்மா எட்டிப் பாக்காதேங்கோ அப்பா! பஸ் வர இன்னும் பதினெட்டு நிமிசம் இருக்கு.”