சேகண்டி வாங்கிய வீடு

ரோய் பான் என்ற பெயர் எங்கள் முகாமில் முதலில் காதில் விழுந்தது ஆலயத்தில்தான். ஞாயிறு ஆராதனை முடியும் தறுவாயில், ஆற்றைத் தாண்டிச் சீனப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பி வராத பெண்களின் பெயர்களைச் சொல்லிப் போதகர் ஜெபம் செய்வார். அந்தப் பெயர்களில் லாஃபாய் குலத்து ரோய் பான் என்றும் ஒன்று வரும். ரோய் என்றால் எங்கள் வழக்கத்தில் மூன்றாவது பெண். மூத்த இரண்டும் பாலகப் பருவத்திலேயே போய்விட்டதால் அந்த வீட்டுக்கு மிஞ்சிய ஒரே மகள் அவள். அப்புறம் ஒரு ஞாயிறு அந்தப் பெயர் வரவில்லை. விசாரித்தால், அவள் தொலையவில்லையாம், முறைப்படி கல்யாணமாகி நன்றாக இருக்கிறாளாம், அண்ணன் லா தோயே வந்து பெயரை எடுத்துவிடச் சொன்னானாம். எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

அவள் தொலைந்துதான் போயிருந்தாள்.

அரசுப் படைக்கும் எங்கள் படைக்கும் சண்டை மறுபடி மூண்டு, எங்கள் கச்சின் மலையில் ஊர் ஊராகக் காட்டு வழியே ஓடிவந்து, மூங்கில் தட்டியும் தார்ப்பாயுமாக முகாம் எழும்பிய காலம் அது. கரும்பு வெட்டக் கூலிக்கு ஆள் கேட்டு ஆற்றங்கரையில் வண்டிகள் வந்து நிற்கும். முன்பின் தெரியாதவன் கூப்பிட்டால் எங்கள் பெண்கள் ஏற மாட்டார்கள். ஆனால் ரோய் பானைக் கூட்டிப் போனது அவளுடைய சொந்த அத்தை, அப்பாவுடன் கூடப் பிறந்த தங்கை லூ ஜா. கூடப் போகிறவள் அத்தை என்றால் யார் யோசிப்பார்கள்? அந்தப் பக்கம் போனதும் அத்தை அவளை ஒரு வேனில் உட்கார வைத்துவிட்டு, தின்ன ஏதாவது வாங்கி வருகிறேன் என்று இறங்கினாள். வேன் அவளுக்காக நிற்கவில்லை. இரண்டு நாள் ஓடி, பேச்சே புரியாத ஒரு சமவெளி ஊரில், வயசாகியும் பெண் கிடைக்காத ஒருத்தன் வீட்டு முற்றத்தில் நின்றது. பிள்ளை பிறக்கும்வரை அந்த வீட்டுக் கதவு வெளியே பூட்டித்தான் இருந்தது.

இங்கே நடந்ததை அவள் எப்படி அறிவாள்? அடுத்த அறுவடைக்கு முன்பாக லூ ஜா முகாமுக்கு வந்தாள். கையில் ஒரு வெண்கலச் சேகண்டி, ஒரு கம்பளி, பின்னால் கயிற்றில் ஒரு பன்றி. தன் மகன் நாவ் அவுங் ரோய் பானைக் கட்டிக்கொண்டான், அந்தப் பக்கமே குடித்தனம் போட்டுவிட்டார்கள், இது பெண் வீட்டுக்குச் சேர வேண்டிய சீர் என்றாள். மாமன் மகளை அத்தை மகன் கட்டுவது எங்களில் மாறாத முறை. மாமன் வீடு பெண் கொடுக்கும் வீடு, அத்தை வீடு பெண் எடுக்கும் வீடு. வேற்றுக் குலத்தான் சீர் கொண்டுவந்திருந்தால் லா தோய் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பான். உரிமைக்காரன் கட்டியிருக்கிறான் என்றதும் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. நாவ் அவுங் படையில் அல்லவா இருந்தான் என்று மட்டும் கேட்டான். லூ ஜா குரலைத் தாழ்த்தி, படையை விட்டு ஓடிவந்துவிட்டான், வெளியே மூச்சு விடாதே, பிடித்தால் கொன்றுவிடுவார்கள் என்றாள். லா தோய் வாயைத் தைத்துக்கொண்டான். சேகண்டியை நடுத்தூணில் மாட்டி, மூன்று தட்டுத் தட்டி, பன்றியை அடித்து அக்கம்பக்கத்துக்குச் சோறு போட்டான். அதோடு அது கல்யாணமாகிவிட்டது.

நாலு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்து மத்தியானம், அரிசி கொடுக்கிற வரிசையில் எல்லோரும் நிற்கும்போது, காலில் பிளாஸ்டிக் செருப்போடு, கையில் ஒன்றுமில்லாமல் ரோய் பான் முகாமுக்குள் நடந்து வந்தாள். லா தோய் ஓடிப்போய்த் தங்கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கேட்ட முதல் கேள்வி: "நாவ் அவுங் எங்கே?"

"எந்த நாவ் அவுங்?" என்றாள் அவள்.

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவள் தூணில் தொங்குகிற சேகண்டியைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டும் லா தோய் தலையைச் சொறிந்துகொண்டு, அத்தை அப்படிச் செய்வாளா என்றான். பொய் சொல்கிறாய் என்று தங்கையைச் சொல்லவும் அவனுக்கு மனசு வரவில்லை. அத்தையைச் சொல்லவும் வாய் வரவில்லை. தன் கையால் தட்டிய சேகண்டி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ரோய் பான் ஓர் இடத்தில் இருந்ததில்லை. பாயை இன்று ஒரு மூலையில் போடுவாள், நாளை வேறு மூலையில். சாப்பிடும்போதும் செருப்பைக் கழற்ற மாட்டாள். குளிக்கப் போனால் அண்ணன் மகள் கோ மாய் தட்டிக்கு வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் ஈரத்தோடு வெளியே வந்துவிடுவாள். விடிந்தால் முகாம் வாசல், அங்கிருந்து சந்தை, சந்தையிலிருந்து ஆற்றுக்கடவு, மறுபடி வாசல். அவளுடைய பையனுக்கு அப்போது மூன்று வயசு. அவனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. தூங்குகிற பிள்ளையைப் போட்டுவிட்டு வந்தவளுக்குக் கால் எப்படித் தரிக்கும்? விஷயம் அண்ணன் காதைத் தாண்டவில்லை, அதனால் முகாமில் சிலர் புருஷனை விட்டு ஓடிவந்தவள் என்றார்கள். சிலர் காது கேட்கவே சொன்னார்கள்.

கதிர் முற்றும் சமயத்தில் லூ ஜா வந்தாள். ஓடி ஒளிவாள் என்று நினைத்தால், புதுக் கம்பளி போர்த்திக்கொண்டு, வெற்றிலைப் பையோடு நடுவீட்டில் வந்து உட்கார்ந்தாள். கூடவே இரண்டு பெரியவர்கள். அவள் கேட்டது வழக்கத்தில் இருக்கிற கேள்விதான்: சீர் வாங்கின வீட்டுப் பெண் புருஷனை விட்டு வந்துவிட்டால், அவளைத் திருப்பி அனுப்பு, இல்லையென்றால் அந்த வீட்டிலிருந்து இன்னொரு பெண்ணைக் கொடு. கோ மாய்க்குப் பதினேழு முடிந்திருந்தது. அவளை நாவ் அவுங்கிடம் கூட்டிப் போகிறேன் என்றாள் லூ ஜா.

லா தோய் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோ மாய்க்கோ போகத்தான் ஆசை.

"இந்தத் தார்ப்பாயைப் பாத்துக்கிட்டே கிழவியாகச் சொல்றீங்களா அத்தை?" என்று ரோய் பானிடம் மல்லுக்கு நின்றாள். "அங்க கரண்டு இருக்கு. வேலை இருக்கு. நீங்க வாழத் தெரியாம வந்துட்டீங்க, அதுக்கு நான் என்ன பண்ண?"

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பது என்று நாள் குறித்தார்கள்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் லூ ஜா ரோய் பான் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் கோபமே இல்லை. பெண்ணுக்கு நல்லது சொல்கிற தாய் மாதிரிதான் பேசினாள்.

"ஏண்டி, நீ நாவ் அவுங் பொண்டாட்டின்னு ஊரே நம்புது. அப்படியே இருந்துட்டுப் போயேன். உன் பிள்ளைக்கு எங்க குலப் பேர் கிடைக்கும். நாளைக்கு அவன் வந்தா இன்னாரு மகன்னு சொல்ல ஒரு பேர் வேணாமா? நீ வாயைத் திறந்தா அவன் யாரு?"

குடம் நிரம்பி வழிந்தது. ரோய் பான் அதை எடுக்கவில்லை. எங்களில் குலம் இல்லாத பிள்ளை பந்தியில் எங்கே உட்காருவது என்று தெரியாத பிள்ளை. அத்தை சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளைச் சுட்டது. வாயை மூடினால் தன் பிள்ளைக்கு ஒரு பெயர். திறந்தால் அண்ணன் பெண் தப்புவாள். அடுத்த இரண்டு நாளும் அவள் நடந்த நடைக்கு அளவில்லை. எதிரே வந்த படைக்காரர்களை எல்லாம் நிறுத்தி, மரான் குலத்து நாவ் அவுங்கைத் தெரியுமா என்று கேட்டாள். சந்தையில் பாக்கு வாங்கிக்கொண்டிருந்த ஒருவன்தான் சொன்னான், தெரியாமல் என்ன, கண்ணிவெடியில் பாதம் போய் மலை மேல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று.

ஆஸ்பத்திரிக்கு அவள் நடந்தே கிளம்பினாள், லாரிகள் போகிற வழிதான். ஏறச் சொல்லி இரண்டு பேர் நிறுத்தினார்கள். அவள் பள்ளத்தில் இறங்கி ஒளிந்து, வண்டி சத்தம் அடங்கின பிறகு ஏறி நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது நாவ் அவுங் சமையல் கூடத்து வாசலில் உட்கார்ந்து மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில் பார்த்த முகம். இருந்தாலும் அடையாளம் தெரிந்தது.

"யாரு நீ?" என்றான்.

"உன் பொண்டாட்டி. நாலு வருஷமா."

அவன் சிரித்துவிட்டான். "எனக்கே யாரும் சொல்லலியே. அப்ப நாலு வருஷமா என் சோத்தை யாரு தின்னா?"

அவளும் ஒரு கணம் சிரித்தாள். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வேன், பூட்டு, பிள்ளை, சேகண்டி. அவன் கை உரித்துக்கொண்டேதான் இருந்தது. படையை விட்டு ஓடிப்போனவன் என்று உன் அம்மா சொன்னாள் என்றதும் கை நின்றது.

"ஓடிப்போனேன்னா சொன்னா?" என்று துணி சுற்றின காலைப் பார்த்தான். "எங்க அம்மாவா?"

ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்ல முடியுமா என்று அவள் கேட்டாள். அவ என் அம்மா என்று மட்டும் சொன்னான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே அவள் திரும்பி நடந்து வந்தாள்.

ஞாயிறன்று பெரியவர்கள் லா தோய் வீட்டில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சேகண்டியைத் தூணிலிருந்து இறக்கி நடுவில் வைத்தார்கள். மூத்தவர் தூ லும் லூ ஜாவைப் பேசச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழகாக, முறை தவறாமல் பேசினாள். ரோய் பான் உட்காரவே இல்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். உட்காரம்மா என்று தூ லும் இரண்டு தடவை சொன்னார். அவள் முறை வந்தபோது, நான் நாவ் அவுங்கைக் கட்டவில்லை, என்னை விற்றார்கள் என்று சொன்னாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஓடிவந்தவள் வேறு என்ன சொல்வாள் என்று ஒருத்தர் சொன்னார். அப்போது வெளியே கட்டை ஊன்றுகிற சத்தம் கேட்டது.

நாவ் அவுங் படை உடுப்போடு வந்திருந்தான். லூ ஜாவின் கையிலிருந்த வெற்றிலை கசங்கியது. உள்ளே வந்து உட்கார அவனுக்கு நேரம் பிடித்தது. யாரும் கைகொடுக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பொண்ணை நீ கட்டினியா?" என்று கேட்டார் தூ லும்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது.

"கடைசியா நான் இவளைப் பாத்தது எங்க தாத்தா சாவுல. அப்ப இவ பல்லு விழுந்த பொண்ணு" என்றான். "நான் ஆத்தைத் தாண்டினதே இல்லை ஐயா. மலையை விட்டு ஓடவும் இல்லை. ஓட இனிக் காலும் இல்லை."

லூ ஜா மகனிடம் போகப் பார்த்தாள். அவன் கட்டையை எடுத்துக் குறுக்கே வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு பேச்சு கொஞ்ச நேரம்தான் நடந்தது. கல்யாணமே நடக்கவில்லை என்றால் பதில் பெண் எங்கிருந்து வரும்? சேகண்டி செல்லாது, கோ மாயை யாரும் கேட்கக் கூடாது என்றார்கள். செய்த தப்புக்கு லூ ஜா வீட்டார் ஓர் எருமை கொடுத்துக் கறையைக் கழுவட்டும் என்றும் தீர்த்தார்கள்.

"எருமை எனக்கு எதுக்கு?" என்றாள் ரோய் பான். "என் பேரை வாசிச்ச மாதிரி அத்தை பேரையும் ஆலயத்துல வாசிங்க. இவ கூட யாரும் பிள்ளையை அனுப்பாதீங்கன்னு சொல்லுங்க. அது போதும்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொந்தத்துக்குள் நடந்தது, சொந்தத்துக்குள் முடியட்டும் என்றார் தூ லும். கடவுள் வீட்டில் ஒரு மனுஷியைப் பெயர் சொல்லி எப்படித் தூற்றுவது என்று போதகரும் கையை விரித்தார். லா தோய் மட்டும் எழுந்து சேகண்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே மண்ணில் சாத்தினான். யாரும் எடுத்துப் போகவில்லை. மழையில் நனைந்து பச்சை பூத்துக் கிடந்தது. லூ ஜா அந்த வாரமே ஆற்றைத் தாண்டினாள். எருமையும் வரவில்லை.

கோ மாய் மாதக்கணக்கில் ரோய் பானோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்களால்தான் இங்கே கிடக்கிறேன் என்று இப்போதும் சண்டை வந்தால் சொல்கிறாள். ஆனாலும் காலையில் எழுந்து இலையில் சோறு மடித்துக் கொடுக்கிறாள்.

அந்தச் சோற்றுப் பொட்டலங்களை ரோய் பான் ஆற்றுக்கடவுக்கு எடுத்துப் போய், கரும்பு வண்டிகள் நிற்கிற இடத்தில் விற்கிறாள். விற்கிறது பெயருக்குத்தான். வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணிடமும் போய் நிற்பாள். யார் கூட்டிப் போகிறது, உனக்கு என்ன முறை, இதற்கு முன் யாரைக் கூட்டிப் போனாள், அவள் திரும்பி வந்தாளா என்று கேட்பாள். சித்தி என்று சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி சேரும். லூ ஜா என்ற பெயரை, ஆலயத்தில் வாசிக்காத பெயரை, சத்தமாகவே சொல்வாள். ஓட்டுநர்கள் திட்டுவார்கள். ஒருத்தன் கூடையைத் தட்டிவிட்டான். சில பெண்கள் கேட்டுவிட்டு இறங்கிக்கொள்கிறார்கள். பல பேர் ஏறிப் போகிறார்கள்.

நாவ் அவுங் மலை மேல் ஆஸ்பத்திரிச் சமையல் கூடத்திலேயே வேலைக்கு இருக்கிறான். ரோய் பான் இப்போது ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிறாள். அவள் மகன் அந்தக் கரைக்கும் அப்பால் இருக்கிறான்.