தாடி வைத்த மாமி

"உம்மா, நம்மட டொக்டர் மாமி மவுத்தாகிட்டாங்களாம்" என்று மகள் ஸைனப் தொலைபேசியில் அழுதாள். கண்டக்குழிக் கடற்கரை மீன்வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்றவள் "எந்த மாமி?" என்று கேட்டாள். "தாடி வெச்ச மாமி" என்றேன். சாவுச் செய்தி கேட்ட துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

குழந்தை வைத்தியர் நஸீர் அவர்களைத்தான் சொல்கிறேன்.

ஸைனபுக்கு ஏழு வயதில் சீனி வருத்தம் வந்தது. "புள்ளைட உடம்பு இனி இன்சுலின் செய்யாது. ஊசியாலதான் குடுக்கணும். நிப்பாட்டினா உயிருக்கே ஆபத்து" என்று டொக்டர் விளக்கினார். என் கணவர் ரிஸ்வான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டலை டொக்டர் ஒருநாளும் நம்பியவரல்லர். "விளங்கிச்சுதா? அப்ப என்ட கதிரையில வந்து இரிங்க. நீங்க டொக்டர். நான் சுகம் விசாரிக்க வந்த மாமி" என்று எழுந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். "யா அல்லாஹ்! பச்சப் புள்ளைக்கு ஊசியா? நிப்பாட்டிட்டு பாவக்கா சாறு குடு மகன்!" முக்காட்டுக்கு வெளியே தாடி ஆடியது. ஊசி போட வந்த தாதி மிஸ்ஸி சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மனுசன் பிறந்த நாளிலிருந்து எந்த மாமியையும் எதிர்த்துப் பேசாதவர். "சரி மாமி" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டொக்டர் முக்காட்டை எடுத்தார். முகத்தில் சிரிப்பில்லை. "இப்ப புள்ளைய இழந்திட்டீங்க தம்பி. மாமிக்குப் பதில் சொல்லப் பழகும்வரைக்கும் வீட்டுக்கு விட மாட்டன்."

அன்றிலிருந்து காலைதோறும் மாமி வந்தார். அழுதார், நெஞ்சில் அடித்தார், ஒருநாள் மயங்கியும் விழுந்தார். வாட்டிலிருந்த மற்றத் தாய்மார் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கடைசியில் என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார்: "மாமி, கோவிக்காதீங்க. இந்த ஊசி நிண்டா எங்கட புள்ள இல்ல. சாறு வேணுமெண்டா நீங்க குடிங்க." டொக்டர் அவரைக் கட்டியணைத்துக்கொண்டார்.

வீடு வந்ததும் முதல் விருந்தாளி யார்? முந்தல் ஊரிலிருந்து என் கணவருடைய சொந்த மாமி, கையில் பாவக்காய்ச் சாற்றுப் போத்தலோடு! மனுசன் கண்ணை மூடினார். ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தார். மாமி போத்தலோடு திரும்பிப் போனார். பெருநாள் வரைக்கும் எங்களோடு கதையில்லை.

ஸைனப் இப்போது ஆசிரியை. டொக்டரின் மவுத்து வீட்டுக்கு நாங்கள் போனபோது முந்தல் மாமியும் வந்தார். சாப்பாட்டுக்கு முன் ஸைனப் ஊசியை எடுத்தாள். பக்கத்திலிருந்த ஒரு பெண், "ஐயோ, இந்த வயசிலயா? நிப்பாட்டிட்டு பாவக்கா..." என்று தொடங்கினார்.

முந்தல் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "கோவிக்காதீங்க. அந்த ஊசி நிண்டா எங்கட புள்ள இல்ல."

கேட்டீர்களா டொக்டர்? இனி நீங்கள் முக்காடு போட வேண்டியதில்லை. அல்லாஹ்வின் காவலில் நிம்மதியாகப் போய்வாருங்கள், மாமி.