பன்னிரண்டு அறைகளும் முனிராஜின் தாடியும்

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், முட்டைக்கோஸ் விளைந்த நிலத்தில் முனிராஜ் வாடகைக்கு விட வரிசையாக லைன் வீடு கட்டினார். பன்னிரண்டு அறைகள். அறைகளுக்குப் பூச்சி மருந்து அடிக்க வேண்டியதில்லை என்பது அவர் கண்டறிந்த வேளாண் உண்மை. பால் காய்ச்சிய அன்று மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "ஈஸ்வரா, பன்னெண்டு ரூம்லயும் ஆள் இருந்தாத்தான் என் மூஞ்சில கத்தி படும்" என்று வேண்டிக்கொண்டார். ஒரு வாரத்துச் சமாச்சாரம் என்று நினைத்தார். தாடி இப்போது சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தாண்டிவிட்டது.

எப்போதும் இரண்டு அறை காலி. தேனிப் பையன் பாயும் பக்கெட்டுமாக வந்து இறங்கினால், காண்ட்ராக்ட் முடிந்த விருதுநகர்ப் பையன் பாயும் பக்கெட்டுமாக பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவுக்கு பஸ் ஏறுவான்.

மகள் சுவாதி தனியார் பள்ளியில் ப்ளஸ் ஒன்னுக்கு வேதியியல் பாடம் எடுக்கும் டீச்சர். "நைனா, இதுக்குப் பேரு இயங்குச் சமநிலை. வர்ற வேகமும் போற வேகமும் ஒண்ணு. வெளிய பாத்தா அசையாத மாதிரி இருக்கும், உள்ள ஓயவே ஓயாது."

"பேரு கெடக்கட்டும். அந்த ரெண்டை ரொப்புறது எப்படி?"

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சுவாதிக்கும் ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்காரர் மகன் பிரதாப்புக்கும் நிச்சயதார்த்தம். குடும்ப போட்டோவில் முனிராஜின் தாடியைப் பார்த்த மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு வூட்ல என்ன துக்கம்?" என்று போனில் கேட்டுவிட்டார். தட்டு மாற்றும்போது தாடி இருந்தால், அங்கே தான் இருக்கப்போவதில்லை என்று முனிராஜின் மனைவி வெங்கடம்மாள் தீர்ப்புச் சொன்னாள். சாமிக்கும் சம்சாரத்துக்கும் நடுவே முனிராஜ் மாட்டிக்கொண்டார்.

முதலில் புரோக்கர் பெருமாளைப் பிடித்தார். அன்றிலிருந்து ஆட்கள் ஆட்டோ ஆட்டோவாக வந்தார்கள். அதே ஆட்டோவில் ஏறியும் போனார்கள். எதிர் லைன்காரருக்கும் பெருமாள்தான் புரோக்கர்.

"வினையூக்கி அப்படித்தான் நைனா. முன்னோக்கு வினை, பின்னோக்கு வினை ரெண்டையும் சேர்த்துத்தான் முடுக்கும். சமநிலை நகராது. வினையூக்கிக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது."

பெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார்.

அடுத்து, அறைக்கு ஒரு ஃபேன் இலவசம் என்று முனிராஜ் அறிவித்தார். ஆட்கள் குவிந்தார்கள். ஆள் கூடியதும் போர்வெல் தண்ணீர் பத்தவில்லை. தண்ணீர் பத்தாததால், பன்னிரண்டும் நிறையும் முன்பே, வந்த கணக்குக்குக் கிளம்பினார்கள். மறுபடியும் இரண்டு காலி.

"சமநிலையில இருக்கிறதை எந்தப் பக்கம் தொந்தரவு பண்ணாலும், அது அந்தத் தொந்தரவைக் குறைக்கிற பக்கமாத்தான் நகரும். பிரான்சுக்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சது."

முனிராஜ் யோசித்தார். "அவருக்கும் லைன் வூடு இருந்துச்சா?"

நிச்சயதார்த்தக் காலை வந்தது. மாப்பிள்ளை வேன் ராயக்கோட்டையை விட்டுக் கிளம்பிவிட்டதாகப் போன். தாடி அப்படியே. வெங்கடம்மாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, காலியாக இருந்த ஏழாம் நம்பர் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

"வெங்கடம்மா, மானம் போவுது, வெளிய வா!" என்று கெஞ்சப்போன முனிராஜ் பாதியில் நின்றார். "சுவாதி! பதினோரு ரூம் ஆயிடுச்சு!"

அடுத்த நிமிடம் தன் கட்டிலை இழுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒன்பதாம் நம்பருக்குக் குடிபோனார்.

"ஓனரே குடியிருந்தா சாமி ஒத்துக்குமா?"

"ஆள் இருக்கணும்னுதானே நைனா வேண்டுன? நீ ஆள்தானே?"

சலூன் ராமப்பன் பெட்டியோடு ஓடிவந்தார். வலது கன்னம் வெளுத்தது. அப்போது மூன்றாம் நம்பர் ஆனந்தராஜ் பாயும் பக்கெட்டுமாக வாசலில் தெரிந்தான். "அண்ணா, பெங்களூர் கம்பெனியில கூப்ட்டாங்க. பஸ் கேட்ல நிக்குது. வரட்டுமா?"

"கத்தியை எடு!" என்று முனிராஜ் அலறினார். ராமப்பன் கத்தியை அந்தரத்தில் பிடித்தார். இடது கன்னத்தில் முழம் தாடி.

"பிரதர், ஒரே ஒரு கால் உள்ள இருக்கட்டும், ப்ளீஸ்" என்றாள் சுவாதி. ஆனந்தராஜ் மூன்றாம் நம்பருக்குத் திரும்பி, ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றான். கேட்டில் பஸ் ஹார்ன் அடித்தது.

"யோவ் ராமப்பா, சீக்கிரம்!"

"தாடியா இது, தேங்கா நாரு. கத்தி எறங்கல சாமி."

"வெந்நீர் ஊத்துங்க மாமா, சூடு ஏறினா வேகமும் ஏறும்" என்று சுவாதி அடுப்பிலிருந்த சொம்பைத் துணியோடு தூக்கிவந்தாள். வேகம் உண்மையிலேயே ஏறியது. முனிராஜின் அலறலும் ஏறியது. கடைசி இழுப்பு முடிந்ததும் ஆனந்தராஜ் உள்ளே இருந்த காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

வெங்கடம்மாள் தாழைத் திறந்து வந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது இடத்தில் ரத்தம். மிச்சம் வெந்து சிவந்திருந்தது. வேன் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டது.

"துண்டைச் சுத்திக்க" என்றாள்.

கண் மட்டும் தெரிய நின்ற சம்பந்தியை அத்தை ஏற இறங்கப் பார்த்தார். "பல்வலிங்களா?"

முனிராஜ் தலையாட்டினார்.

"கிராம்பு வைங்க, கேக்கும்" என்று அத்தை தாம்பூலத் தட்டிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முனிராஜ் அதை வாயில் போட்டுக்கொண்டார். தட்டு மாறியது.