வீட்ல கேட்டுட்டீங்களா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாய் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில், கிடங்குகளுக்குப் பின்னால், ஒரு சரக்கு விமான நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அங்கே பிரேமலாவைத் தெரியாத விமானி கிடையாது. வெளிநாட்டுத் தளத்துக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் எல்லாருமே அவள் எதிரில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் மூட்டை கட்டவேண்டும். வீட்டு வாடகையில் நிறுவனம் எவ்வளவு தாங்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு யார் பொறுப்பு, தட்டுமுட்டுச் சாமான்களில் எதை ஏற்றலாம், எதை விட்டுவிட்டுப் போகவேண்டும், நாளைக்கே அந்தத் தளத்தை மூடிவிட்டால் குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது யார் என்பதெல்லாம் அவள் மேசையில்தான் முடிவாகும்.

பிரேமலா செடெனாக்கில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த கையோடு இந்த நிறுவனத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது நிறுவனத்திடம் இருந்தது இரண்டே விமானங்கள். பிறகு விமானங்கள் பெருகின, ஹாங்காங், துபாய் என்று தளங்களும் பெருகின. யாரோ ஒருவர் குடும்பங்களை ஏற்றி இறக்கும் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. கடிதங்களைத் தட்டிக்கொண்டிருந்தவளே கடிதங்களை எழுதவும் ஆரம்பித்தாள்.

வந்து உட்காரும் விமானியிடம் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"வீட்ல கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க" என்பார்கள் பெரும்பாலோர்.

"என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க பாப்போம்."

அங்கேதான் பலருக்கு நாக்கு குழறும். அவள் சிரித்துக்கொண்டே கோப்பை மூடிவிடுவாள். போய்க் கேட்டுவிட்டு வரட்டும். ஆரம்ப காலத்தில் ஒரு இளம் விமானி எதையும் கேட்காமல் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். மூன்றாம் மாதம் அவன் மனைவி கைக்குழந்தையோடு தனியாக ஊருக்குத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நாளில் அவனும் வேலையை விட்டான். சட்டென்று ஒப்புக்கொள்கிறவர்களைக் கண்டால் அன்றிலிருந்து அவளுக்குப் பயம்.

அவளோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்றவர் ஒருவர் உண்டென்றால் அது கேப்டன் நாச்சியப்பன்தான். விமானிகள் சங்கத்தின் சார்பில் நிறுவனத்தோடு பேசுகிறவர். ஜொகூர் பாருவில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் பார்த்த செட்டியார் குடும்பத்திலிருந்து அவர் ஒருவர்தான் வானத்துக்குப் போனவர். இருந்தாலும் பேரம் பேசும் வாய் அவரோடு கூடவே ஏறிப் போய்விட்டது. ஒருமுறை ஒரு மலாய் விமானியின் மனைவி மிளகாய்ச் சம்பல் இடிக்கும் கல்லைத் துபாய்க்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். எடை தாண்டிவிட்டது என்றது நிறுவனம். அந்தக் கல் வீட்டுச் சாமானா, ஆடம்பரமா என்று நாச்சியப்பன் ஒரு காலை முழுவதும் வாதாடினார். கடைசியில் பிரேமலா, "கல்லு போகட்டும் கேப்டன், என்னை விட்டுருங்க" என்றாள். கல் போயிற்று.

அவள் வீடு பக்கத்து ஊரான கூலாயில். கணவர் சுகுமாறன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்தைக் கடப்பார். அவர் திரும்பும்போது ஊர் அடங்கியிருக்கும். பிள்ளைகள் இல்லை. வார நாள்களில் இருவருக்கும் நடுவே ஓடுவது "சாப்டியா?", "சாப்டேன்", "கேட்ட பூட்டிட்டியா?" அவ்வளவுதான். அதில் குறையொன்றும் இருப்பதாக இருவரும் நினைக்கவில்லை. கூலாயில் பாதி வீடுகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்களுடையது.

போன வருடம் நிறுவனம் பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தில் பெரிய தளம் ஒன்றைத் திறந்தது. விமானிகளின் குடும்பங்களைத் தொகுதி தொகுதியாக அனுப்பிக்கொண்டிருந்தாள் பிரேமலா. ஒருநாள் மேலதிகாரி ரோஸ்னா என்ற மலாய் அம்மையார் அவளைக் கூப்பிட்டார். அங்கே போய்ச் சேர்ந்த குடும்பங்கள் வீடு, பள்ளி, பெர்மிட் என்று தவிக்கின்றன, கூடவே இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான், இரண்டு வருடம் என்றார்.

அலுவலக ஊழியர்களுக்கான சலுகைகள் விமானிகளுடையதைப் போல இல்லை. ஓர் அறை, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு டிக்கெட். கணவன், மனைவி என்ற பேச்சே அதில் கிடையாது. பிரேமலாவும் எதுவும் கேட்கவில்லை. சுகுமாறன் வரப்போவதில்லை என்று வீடு திரும்பும் வழியிலேயே அவள் முடிவுகட்டிவிட்டாள். பட்டறையை விட்டுவிட்டு வேற்று நாட்டில் வந்து அவர் என்ன செய்வார்?

அன்று அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா?" என்றார் சுகுமாறன். தட்டைக் கவிழ்த்து வைத்தார். "நல்ல சான்ஸ் லா. போயிட்டு வா."

அதோடு கை துடைத்துக்கொண்டு போய்விட்டார். எதிர்ப்பு இல்லை, கேள்வி இல்லை. காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அவள் நிம்மதியடைந்திருக்க வேண்டும். அவர் கவிழ்த்து வைத்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் அலுவலகத்தில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது நாச்சியப்பன் வந்தார்.

"லியேஜ் போறீங்களாமே. வீட்ல கேட்டுட்டீங்களா?"

"சொல்லிட்டேன் கேப்டன்."

"சொன்னீங்களான்னு நான் கேக்கல. கேட்டீங்களா?"

பிரேமலா கரண்டியைக் கோப்பைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய கேள்வி. தனக்கென்று வரும்போது அவள் அதைத் தாண்டி நடந்திருந்தாள். நாச்சியப்பன் அதற்கு மேல் குடையவில்லை. "போய்க் கேட்டுட்டு வாங்க, பேசுவோம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் காரை எடுத்துக்கொண்டு பொந்தியானுக்குப் போனார்கள். கடலோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, சேறு மினுமினுத்துக் கிடந்தது. மீ கோரெங் நூடுல்ஸ் வந்தது, நுரை பொங்கும் தே தாரிக் தேநீர் வந்தது. சுகுமாறன் பாதி சாப்பிடும்வரை பிரேமலா காத்திருந்தாள்.

"என்னாங்க, நான் போய்ட்டா நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது. வேலைக்குப் போவேன், வருவேன். கடையில தாப்பாவ் கட்டிட்டு வந்து சாப்பிடுவேன்."

"கூட வரலாமேன்னு தோணலையா உங்களுக்கு?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ கூப்பிடலையே."

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீ தனியாப் போகத்தான் ஆசைப்படுறேன்னு நான் நெனச்சேன். இவ்ளோ வருஷமா எல்லாரையும் ப்ளேன் ஏத்தி விட்டவ. உனக்குன்னு ஒண்ணு வந்திருக்கு. நான் குறுக்க நிக்கலாமா?"

பிரேமலாவுக்குக் கண் கலங்கியது. கடைக்காரச் சீனப்பெண் பக்கத்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனதும் அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, விமானிகளிடம் பேசும் அதே குரலில், ஆனால் மெதுவாகக் கேட்டாள்: "சரி, நான் இப்பக் கூப்பிடுறேன். வர்றீங்களா? என்ன வேணும், என்ன கஷ்டம், சொல்லுங்க."

சுகுமாறன் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"பட்டறையில எங்க ஃபோர்மன் வெளிநாட்டுக்காரன். அவன் பொண்டாட்டி விசா பாஸ்ல டிப்பெண்டன்ட்னு போட்டிருக்கும், புருஷன நம்பி இருக்கறவன்னு. ஒருநாள் காட்டினான். அந்தம்மா ஊர்ல டீச்சரா இருந்தவங்களாம். நான் பதினேழு வயசுலேர்ந்து என் கையால சம்பாதிச்சுச் சாப்பிடுறவன் பிரேமா. அம்பது தாண்டினப்புறம் பேப்பர்ல என்னை அப்படி எழுதினா மனசு ஒப்பாது. சும்மாவும் உக்காந்திருக்க மாட்டேன். ஒரு வேலை வேணும். வேலைக்கு அந்த ஊர் பாஷை வேணும். அதான் என் கஷ்டம். மத்தபடி நீ இருக்கற எடத்துல இருக்க எனக்கு என்ன கஷ்டம்?"

அந்தச் சொல்லை அவள் எத்தனை கடிதங்களில் தட்டியிருக்கிறாள். தாதியாக இருந்தவர்கள், கணக்காளர்கள், ஒரு வக்கீல்கூட உண்டு. எல்லாரையும் 'சார்ந்திருப்பவர்' என்றே விமானம் ஏற்றியிருந்தாள். யாரும் மறுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அவள் ரோஸ்னாவின் அறைக்குப் போனபோது நாச்சியப்பனும் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆங்கிலமும் மலாயுமாகப் பேச்சு நடந்தது. "கேப்டன், இது உங்கள் சங்கத்து விவகாரம் இல்லையே?" என்றார் ரோஸ்னா.

"இல்லைதான். இத்தனை வருஷம் இவங்க எதிர்ல உக்காந்தாச்சு. பக்கத்துல உக்காந்தா எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன்."

ரோஸ்னா சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஊழியரின் துணைக்கும் சலுகை என்று ஆரம்பித்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார். எல்லாரும் கேட்கட்டும், எத்தனை பேர் போகிறார்கள் என்றார் நாச்சியப்பன். விமானிகளுக்கு ஒரு தராசு, அவர்களைக் குடிவைக்கும் ஊழியருக்கு வேறொரு தராசா என்று கேட்டார். பிரேமலாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. மற்றவர்களுக்காகப் பேசும்போது ஓடிவரும் வார்த்தைகள் தனக்கென்றதும் பின்வாங்கின. மொழி வகுப்பு பற்றிய பேச்சு வந்தபோதுதான் அவள் நிமிர்ந்தாள். தன் கணவருக்கு மட்டும் வேண்டாம், அங்கே இருக்கும் எல்லா மனைவிமாருக்கும் கணவன்மாருக்கும் வேண்டும் என்றாள். பேச்சு வராததால்தான் அவர்கள் வீட்டுக்குள் அடைந்துகிடந்து, மூன்றாம் மாதம் ஊரைத் தேடுகிறார்கள் என்றாள். கடைசியாகத் தயங்கித் தயங்கி, அந்தச் சொல்லை மாற்றமுடியுமா என்றும் கேட்டாள்.

ரோஸ்னா பேனாவைக் கீழே வைத்தார். "நான் இங்கிலாந்தில் படித்தபோது என் கணவரும் கூட வந்திருந்தார்" என்றார். "அவருக்கு அந்த வார்த்தை பிடிக்கவே பிடிக்காது."

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. அறைக்குப் பதில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு கிடைத்தது. மொழி வகுப்பு எல்லாருக்கும் முதல் வருடம் மட்டும். சுகுமாறனின் ஊர் டிக்கெட்டை அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் கடிதங்களில் இனி 'உடன்வரும் துணைவர்' என்று இருக்கும். பெல்ஜிய அரசாங்கம் தன் தாளில் என்ன எழுதும் என்பது யார் கையிலும் இல்லை.

"அரசாங்கம் எழுதறத எழுதிட்டுப் போவட்டும்" என்றார் சுகுமாறன். "உங்க கம்பெனி எழுதலைல்ல, போதும்."

குளிர் தொடங்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். பிரேமலாவுக்கு வேலை தலைக்குமேல் இருந்தது. சுகுமாறனுக்குத்தான் முதல் சில மாதங்கள் நகரவில்லை. வகுப்பில் சிரியாக்காரப் பையன்களுக்கும் உக்ரைன் பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, பிரெஞ்சு எழுத்துகளைத் தொண்டையில் உருட்டிப் பார்ப்பார், வராது. ஒரு சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது ஜன்னலோரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"நான் மட்டும் போயிடட்டுமா பிரேமா?"

அவள் பதறவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். "போகணும்னா போகலாம். ரெண்டு பேருமே போவோம். பனி முடியற வரைக்கும் பாப்போமா?" என்றாள். அவர் கோட்டைக் கழற்றி மாட்டினார். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

சங்கடமாக இருந்தது குளிர் மட்டுமல்ல. இருவரும் ஆறு மணிக்கே வீட்டில் இருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சாயங்காலம் அவர்களுக்கு வாய்த்ததில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்று முடித்துக்கொள்ள முடியவில்லை. சேர்ந்தேதான் சாப்பிட்டார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் முதலில் ஆற்றங்கரையில் நடந்தார்கள். மியூஸ் ஆற்றில் போகும் சரக்குப் படகுகளில் எதன் எஞ்சின் சரியில்லை என்று சத்தத்தை வைத்தே சுகுமாறன் சொல்வார். பிறகு பட்டறைக் கதைகள் வந்தன, தோட்டத்தில் அவள் அப்பா குலை வெட்டிய கதைகள் வந்தன. தன் மாமனார் ஒருமுறை பாம்புக்குப் பயந்து மரத்தடியில் மதியம்வரை அசையாமல் நின்ற கதையை அவர் இதற்குமுன் கேட்டதேயில்லை. நடுப்பாலத்தில் நின்று சிரித்தார். எதிரே வந்த கிழவர் ஒருவரும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

பனி விலகும் நேரத்தில் வகுப்பில் கூடப் படித்த மொரோக்கோக்காரர் ஒருவர் அவரை ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனார். உடைந்த சட்டம் ஒன்றைச் சுகுமாறன் பற்றவைத்துக் கொடுத்தார். கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் வரமுடியுமா என்று கேட்டார். கேள்வி அவருக்குப் புரிந்தது. பதிலும் பிரெஞ்சிலேயே வந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

மற்ற நாள்களில் அவர் தானாகவே ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். புதிதாக ஒரு குடும்பம் வருகிறதென்றால் பிரேமலாவோடு ரயில் நிலையத்துக்குப் போவார். போன மாதம் ஓர் இளம் விமானியின் மனைவி லக்ஷ்மிப்ரியா கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். கணவன் வானத்தில் இருந்தான், விடிந்தால்தான் வருவான். பிரேமலா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சுகுமாறன் ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"அங்கிள், இங்க கருவேப்பில கெடைக்குமா?"

"கெடைக்கும்மா. பாகிஸ்தான்காரர் கடையில வெள்ளிக்கெழம வரும். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் சுகுமாறன். "மொதல்ல புள்ளைக்குக் காத மூடு. காத்து அடிக்குது."

பிரேமலா குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள். அவர் பெட்டிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தை அந்தப் பெண்ணுக்குக் காட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.